மைக்கைப் பிடித்தேன், கிடாவை விட்டேன்

கால்பந்து ஆடுகிறவனுக்குக் கால் இருந்தால் போதும். பார்க்கிறவனுக்கு வாய் வேண்டும். எனக்கு அது தேவைக்கு மேலேயே அமைந்துவிட்டது.

என்னை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. திண்டுக்கல்லில் கால்பந்து ரசிகனாக வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும். டீக்கடைக்குப் போனால் டிவியில் கிரிக்கெட். சலூனுக்குப் போனாலும் கிரிக்கெட். அதுவும் நேரடி ஒளிபரப்பு இல்லை, என்றைக்கோ முடிந்துபோன மேட்ச். ஜெயித்தது யார் என்று முடிவெட்டுகிறவருக்கும் தெரியும், தலையைக் கொடுத்திருப்பவருக்கும் தெரியும். இருந்தும் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். "அண்ணே, செத்த நேரம் ஃபுட்பால் வைங்கண்ணே" என்று கேட்டால், "அதுல என்னப்பா இருக்கு? ஒன்றர மணி நேரம் ஓடி ஒரு கோலு" என்பார்கள். (அஞ்சு நாள் ஆடி டிரா ஆகுறதுக்கு இது எம்புட்டோ தேவல.) கேபிள்காரரிடம் ஒரு விளையாட்டுச் சேனலைக் கேட்டதற்கு, "ஊர்லயே அதக் கேக்குறது நீங்க ஒருத்தர்தான் சார்" என்று, எனக்கு ஏதோ நோய் இருப்பதைப் போல அனுதாபமாகச் சொன்னார்.

மைதானத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். கிரிக்கெட்டுக்குப் புல் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, உட்கார நிழல் இருக்கிறது. எங்களுக்கு ஒரு பொட்டல். காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் பெனால்டி பாக்ஸைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். எல் போர்டு மாட்டிய கார்கள் கார்னரில் எட்டுப் போட்டுப் பழகும். பொருட்காட்சி வந்தால் கோல் போஸ்ட் இருந்த இடத்தில் ராட்டினம் நிற்கும். பொருட்காட்சி போனபிறகு குழிகள் மட்டும் மிஞ்சும். எங்கள் ஊர்ப் பையன்கள் பந்தை வளைத்து வளைத்துக் கொண்டுபோவதில் கெட்டிக்காரர்களாக இருப்பதற்கு அந்தக் குழிகள்தான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

என் அணி மலைக்கோட்டை ராக்கர்ஸ். பேகம்பூர் பாரூக் அதற்குக் கேப்டன், கோல்கீப்பர். நான் ஆடியதில்லை. கோட்டுக்கு வெளியே நின்று ஆலோசனை சொல்வது என் பொறுப்பு. (யாரும் ஒப்படைக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டது.) "மாப்ள, நீ கத்துறதுல ஒரு வார்த்தகூட எங்க காதுல விழுகாதுடா" என்று பாரூக் பலமுறை சொல்லியிருக்கிறான். அது அவன் காதின் குறை என்று நினைத்துக்கொண்டு நான் தொடர்ந்து கத்தினேன்.

எங்களுக்குப் பரம எதிரி வத்தலக்குண்டு வாரியர்ஸ். அவர்கள் ஆட்டத்தைப் பற்றி என் கருத்து எளிமையானது. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம்பிடிப்பார்களே, அதையே பந்தை வைத்துச் செய்கிறார்கள். பந்து எங்கே இருக்கிறதோ அங்கே ஏழு பேரும் இருப்பார்கள். இதைப் போய் ஆட்டம் என்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் எங்களைத் தொடர்ந்து தோற்கடித்து வந்தது வேறு விஷயம்.

இனி சம்பவத்துக்கு வருகிறேன். என் தங்கை செல்வியைக் கன்னிவாடியில் கொடுத்திருக்கிறோம். அவள் மகள் யாழினிக்கு அப்போது மூன்று வயது. மொட்டையும் காதுகுத்தும் ஒரே நாளில் வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். இருக்கிற ஒரே தாய்மாமன் நான். அதற்கு முந்தைய வருடம் செல்வியின் ஓரகத்தி மகளுக்குக் காதுகுத்து நடந்தபோது, அந்த ஓரகத்தியின் அண்ணன்மார் மேளதாளத்தோடு கிடாவைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். அன்றிலிருந்து செல்வியின் மாமியார், சாதம் போடும்போதும் குழம்பு ஊற்றும்போதும் அந்தக் கிடாவைப் பற்றியே பேசியிருக்கிறார். செல்வி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எங்க அண்ணனும் கிடா கொண்டாருவான்" என்று சொல்லிவிட்டாள். பிறகு என்னைப் போனில் அழைத்தாள்.

"அண்ணே, நீ எனக்கு ஒண்ணுமே செய்ய வேணாம். அன்னைக்கு நேரத்துக்குக் கிடாவோட வந்து நில்லு. அது போதும்."

"நான் இருக்கேன்ல, நீ ஏன் பயப்படுற?" என்றேன்.

"நீ இருக்கேன்னுதான் பயமா இருக்கு."

அன்று காலை அம்மாவும் உறவினர்களும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். கன்னிவாடியில் பிள்ளையார் கோயில் முன்னால் மேளக்காரர்களோடு காத்திருப்பார்கள். நான் சீர்த்தட்டுகளையும் கிடாவையும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும். அங்கிருந்து ஊர்வலமாக மண்டபத்துக்கு. கிடாவுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, குங்குமம் வைத்து, கழுத்தில் மாலை, கொம்பில் ஜிகினா என்று நானே பார்த்துப் பார்த்து அலங்கரித்திருந்தேன். கல்யாண மாப்பிள்ளைகூட அத்தனை களையாக இருக்க மாட்டார்.

கன்னிவாடி போகிற வழியில் ஒரு ஊரில் எழுவர் கால்பந்துப் போட்டி. அன்று காலைதான் ஃபைனல். ராக்கர்ஸும் வாரியர்ஸும் மோதுகிறார்கள். இது எனக்கு முன்கூட்டியே தெரியாது என்று அம்மாவிடம் இன்றுவரை சொல்லிவருகிறேன்.

"முருகேசண்ணே, செத்த ஓரங்கட்டுங்க. ரெண்டாவது ஆஃப் மட்டும் பாத்துட்டுப் போயிருவோம்" என்றேன். ஓட்டுநர் முருகேசன் அண்ணன் மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியை ஓரங்கட்டினார். வெயிலில் கிடா கத்த ஆரம்பித்ததால் அதை இறக்கி, விழா மேடைக்குப் பக்கத்தில் இருந்த வேப்பமர நிழலில் கட்டிவிட்டு, கேபினில் படுத்துவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் போட்டிக்கு முதல் பரிசு கோப்பையும் கிடாவும். எங்கள் பக்கத்துக் கிராமப் போட்டிகளில் இது வழக்கம். கிடா தருவதாக வாக்குக் கொடுத்திருந்த பெரிய மனிதர் கடைசி நேரத்தில் போனை அணைத்துவிட்டார். விழாக் கமிட்டி கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில்தான், மேடைப் பக்கத்தில், மாலையும் ஜிகினாவுமாக ஒரு கிடா நின்றிருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. நான் கோட்டோரம் நின்று பாரூக்குக்கு ஆலோசனை வழங்கிக்கொண்டிருந்தேன். நெஞ்சில் பேட்ஜ் குத்திய கமிட்டிச் செயலாளர் வந்து என் தோளைத் தட்டினார்.

"சார், அந்தக் கிடா நீங்க கொண்டாந்ததா?"

"ஆமாண்ணே, ஆமா."

"சாருக்கு எந்த ஊரு? பேரு?"

"திண்டுக்கல்லு. செந்தில்... ஏலே, லெஃப்ட்ல ஆளு வாரான் பாருடா!"

அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகக் குலுக்கிவிட்டுப் போனார். ஆட்டம் டிராவில் முடிந்தது. பெனால்டிக்கு முன்னால் சிறிய இடைவேளை. அப்போது ஒலிபெருக்கி முழங்கியது. "திண்டுக்கல்லிலிருந்து நம் விழாவுக்கு வருகை தந்திருக்கும் கால்பந்து ஆர்வலர், கொடைவள்ளல், அண்ணன் செந்தில் அவர்களை மேடைக்கு அன்புடன் அழைக்கிறோம்!"

எனக்குப் புல்லரித்தது. கடைசியில் ஒரு ஊராவது என் ஞானத்தை அடையாளம் கண்டுகொண்டதே! கொடைவள்ளல் என்று ஏன் சொன்னார் என்று லேசாக ஒரு சந்தேகம் வந்தது. மேடையேற்றினால் எல்லோரையும் அப்படித்தான் சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன். சால்வை போர்த்தினார்கள். "ரெண்டு வார்த்தை பேசுங்க சார்" என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். என்னிடம் மைக்கைக் கொடுத்த முதல் மனிதர்கள் அவர்கள்தான், கடைசி மனிதர்களும் அவர்கள்தான்.

திண்டுக்கல் மைதானத்தின் குழிகளில் ஆரம்பித்தேன். சலூன் டிவியைத் தொட்டேன். கேபிள்காரரை விடவில்லை. பிறகு வாரியர்ஸ் பக்கம் திரும்பினேன். பஸ் ஸ்டாண்டு, துண்டு, ஜன்னல் எல்லாம் சொன்னேன். கூட்டம் சிரித்தது. சிரிப்பைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இந்த ஆட்டத்த வச்சுக்கிட்டு இவங்க மட்டும் இன்னைக்கு ஜெயிச்சுட்டா, நான் இன்னைக்கே மொட்டை போட்டுக்குறேன்!" என்றேன்.

வாரியர்ஸ் கேப்டன் அந்தோணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு அமைதியாக என்னைப் பார்த்தான். பிறகு போய் முதல் பெனால்டியை அடித்தான். அவர்கள் ஒன்றுகூடத் தவறவிடவில்லை. எங்கள் ஆட்களில் ஒருவன் அடித்த பந்து வேப்பமரத்தைத் தாண்டிப் போனது.

யாரிடமும் முகம் கொடுக்க மனமில்லாமல் மைதானத்துக்குப் பின்னால் போய், சர்பத் குடித்துக்கொண்டே நடுவரைத் திட்டினேன். நான் திட்டிய சத்தத்தில் ஒலிபெருக்கிகூட என் காதில் விழவில்லை. திரும்பி வந்தபோது வேப்பமர நிழலில் கயிற்றின் துண்டு மட்டும் கிடந்தது. குட்டியானையின் கேபினில் முருகேசன் அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"கிடா எங்கண்ணே?" என்று செயலாளரிடம் ஓடினேன்.

"வத்தலக்குண்டுக்காரங்க வேன்ல ஏத்திட்டாங்களே சார். நீங்களே கையால குடுக்கணும்னு மைக்ல கூப்பிட்டுப் பாத்தோம், ஆளக் காணோம்."

"அய்யோ, அது எந்தங்கச்சி மக காதுகுத்துக்குச் சீர்க் கிடாண்ணே!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சீர்க் கிடாவ எதுக்கு சார் ஃபைனலுக்குக் கொண்டாந்தீங்க?"

போனை எடுத்துப் பார்த்தால் அம்மா, மாப்பிள்ளை, செல்வி, மறுபடி அம்மா என்று தவறிய அழைப்புகள் வரிசையாக இருந்தன. முருகேசன் அண்ணனை உலுக்கி எழுப்பி வேனைத் துரத்தினோம். செம்பட்டி ரோட்டில் ஒரு டீக்கடை முன்னால் வேன் நின்றது. வாரியர்ஸ் ஏழு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என் கிடா மசால்வடையைத் தின்றுகொண்டிருந்தது.

அந்தோணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் நிதானமாக டீயை ஆற்றினான். நல்ல மனிதர்களின் நிதானத்தைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. போதாததற்கு, அந்த நிலைமையிலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இருந்தாலும் அந்த மூணாவது பெனால்டில கீப்பர் அசையுறதுக்குள்ளயே..." என்று ஆரம்பித்துவிட்டேன். அப்போது போன் அடித்தது. எடுத்தேன்.

"அண்ணே, எங்கிருக்க?" செல்வியின் குரல் உடைந்திருந்தது. "மொட்டை அடிக்க ஆளு வந்து ஒக்காந்திருக்காக. காது குத்துற ஆசாரியும் வந்துட்டாரு. என் மாமியா வாசலுக்கும் உள்ளுக்குமா நடக்குறாக. ஓரகத்தி என்னயப் பாத்துச் சிரிக்கிறா. எனக்குன்னு இருக்குறது நீ ஒருத்தன்தானண்ணே. கிடா இல்லாட்டியும் பரவால்ல, நீ வா."

எனக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. அந்தோணி என் கையிலிருந்த போனை வாங்கினான்.

"தங்கச்சி, அழுகாதத்தா. கிடாவும் வருது, ஒங்க அண்ணனும் வாராரு. நாங்களும் கூட வாரோம். ஆசாரியச் செத்த ஒக்காரச் சொல்லு." போனை என்னிடம் தந்துவிட்டு அதே நிதானத்தோடு கேட்டான். "கிடாவ நாங்க குடுத்துட்டோம்ணே. மொட்டைய நீங்க எப்பக் குடுப்பீக?"

பிள்ளையார் கோயில் முன்னால் எங்கள் உறவினர்கள் வெயிலில் வாடிப்போய் நின்றார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத மாட்டேன். மேளம் முழங்கியது. முன்னால் கிடா. அதன் பின்னால், மண்ணும் வியர்வையுமாக, முதுகில் வத்தலக்குண்டு என்று எழுதிய மஞ்சள் ஜெர்சியில் ஏழு பேர், தலைக்கொரு சீர்த்தட்டோடு. ஒரு தட்டில் பழத்துக்கு நடுவே கோப்பையையும் வைத்திருந்தார்கள்.

செல்வியின் மாமியார் வாசலில் நின்று வாயில் கைவைத்துக்கொண்டார். "ஏ செல்வி, ஒனக்கு இம்புட்டு அண்ணமாரா! ஒரே மாதிரி சட்டை எடுத்துப் போட்டுல்ல வந்திருக்காக!" என்றார். ஓரகத்தி உள்ளே போய்விட்டாள். செல்வி என்னைப் பார்த்தாள். சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள்.

யாழினிக்கு மொட்டை அடித்து முடித்ததும், அந்தோணி சவரக்காரர் பக்கத்தில் இன்னொரு மனைப்பலகையைப் போட்டு என்னைப் பார்த்தான். ஏழு பேரும் கைகட்டி நின்றார்கள். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். பாதி முடி போயிருந்தபோது மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மருமகளுக்காகத் தானும் மொட்டை போடுறானே, என்னா பாசம்! எந்தத் தாய்மாமன் செய்வான்?" என்று மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார். அந்தோணி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

காது குத்தும்போது யாழினி என் மடியில் மீனாகத் துள்ளினாள். என் மொட்டையைப் பார்த்தே பாதி பயம். அந்தோணி எதிரே நின்று பந்தைக் காலால் தட்டித் தட்டி வித்தை காட்டினான். அவள் அழுகையை நிறுத்தி அவனையே பார்த்தாள். ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார். ஆல்பத்தில் அந்தப் படத்தில் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. அன்று மதியம் கறிவிருந்தில் வாரியர்ஸ் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு இன்னொரு கிடாவே வேண்டியிருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் வீட்டில் கால்பந்தைப் பற்றி வாய் திறந்தால் போதும், யாராவது ஒருவர், "ஏப்பா, கிடாவ உள்ள கட்டுங்க" என்பார்கள். யாழினி இப்போது நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பந்து ஆடுகிறாள். வீட்டில் அவள் போட்டுத் திரிவது வாரியர்ஸ் ஜெர்சி. நான் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் தம்பிக்கு அடுத்த மாதம் காதுகுத்து. போன வாரம் செல்வி போன் செய்தாள். கிடாவை அந்தோணி அண்ணன் கொண்டுவந்துவிடுவாராம். அன்று காலை அவருக்கு ஏதோ மேட்ச் இருக்கிறதாம், அதனால் முகூர்த்தத்தையே தள்ளி வைத்திருக்கிறார்களாம். மேட்சுக்காக முகூர்த்தத்தைத் தள்ளி வைக்கிறார்கள்! எனக்கு ரத்தம் கொதித்தது.

"அப்ப நான் எதுக்கு? என்னதான் கொண்டாரணும்?" என்று கேட்டேன்.

"நீ ஒண்ணும் கொண்டார வேணாம்ணே, முடிய மட்டும் வெட்டிறாத" என்றாள் செல்வி. "இவனுக்கும் நீ மொட்டை போடுவேன்னு என் மாமியா இப்பவே ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காக."