இருபது நிமிட விமர்சகர்

அரைகுறை அறிவு ஆபத்து என்பார்கள். ஆபத்தெல்லாம் கூட இருப்பவர்களுக்குத்தான். அரைகுறைக்கு அது ரொம்பச் சௌகரியம். அனுபவத்தில் சொல்கிறேன்.

2008-ல் சிதம்பரத்தில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கையில் ஏழு அரியர். தமிழில் வீடியோ கேம் விமர்சனம் எழுத ஆளே இல்லை என்று அப்போது கண்டுபிடித்தேன். (படிக்கவும் ஆள் இல்லை என்பதைக் கண்டுபிடிக்கவில்லை.)

பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய கம்ப்யூட்டர் பத்திரிகையோடு ஒரு சிடி இலவசமாக வந்தது. அதில் ஒரு போர் விளையாட்டு. சனிக்கிழமை கடலூருக்குப் போய் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டேன். பாலத்தைத் தாண்டினேன், நாலு பேரைச் சுட்டேன், திரை கறுத்தது. ஆங்கிலத்தில் ஏதோ எழுதி வந்தது. வந்தால் படிக்கிற வழக்கம் நமக்கு ஏது? என்டரைத் தட்டினேன். மொத்தம் இருபது நிமிடம்.

"இருபது நிமிடத்தில் முடியும் விளையாட்டை விற்க வெட்கமில்லையா?" என்று என் பிளாகில் முழங்கி, ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம் போட்டேன். அந்த அரை நட்சத்திரம் என் பெருந்தன்மை.

அடுத்த மாதம் அக்காவைப் பெண் பார்க்க வடலூரிலிருந்து வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளையின் போட்டோவை மட்டும் அக்கா தன் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். இதுவும் தட்டினால் அவள் தாங்கமாட்டாள் என்று எனக்கே தெரிந்தது.

"பையன் என்ன பண்றான்?" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் கேட்டார். ஏழு அரியரை அப்பா எந்த வாயால் சொல்வார்?

"படிச்சிக்கிட்டே கம்ப்யூட்டர் வெளையாட்டுக்கு விமர்சனம் எழுதறான். இன்டர்நெட்ல ஒலகம் பூரா படிக்கிறாங்க" என்று அப்பா பிரிண்ட் அவுட்டை நீட்டினார். (உலகம் அன்று பதினோரு பேர். அதில் ஒன்பது முறை நான்.)

மாப்பிள்ளை பொறுமையாகப் படித்தார். "கடைசி ஸ்டேஜ்ல சொந்தத் தம்பியவே சுடணுமே, அதப்பத்தி எழுதலையே தம்பி?"

மானஸ்தன் என்றால் 'அதைப் பார்க்கவில்லை' என்றிருப்பான். நான், "ரொம்ப உருக்கமான எடம் சார். ரெண்டு நாளு சோறு எறங்கல" என்றேன்.

"அப்படி ஒரு ஸ்டேஜே இல்ல. நீ வெளையாண்டது டெமோ, சாம்பிளுக்குக் குடுக்கறது. முழுசா பன்னெண்டு ஸ்டேஜ் இருக்கு. நான் மூணு தடவ முடிச்சிருக்கேன்."

அவர் சிரித்தார். தாய்மாமன் சிரிக்கவில்லை. எடுத்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"பொண்ணு எம்.எஸ்சி.ன்னு சொன்னீங்களே, அது முடிச்சதுங்களா, இல்ல அதுவும் சாம்பிளுங்களா?"

ராத்திரி பகலாகப் படித்து ரேங்க் வாங்கியவளை என் ஒன்றரை நட்சத்திரம் சந்தியில் நிறுத்திவிட்டது. அவ்வளவு வெட்கம் அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் நான் பட்டதில்லை.

காபித் தட்டோடு கதவருகே நின்றிருந்த அக்கா, தட்டை என் கையில் திணித்தாள். உள்ளே போய் ஃபைலை எடுத்துவந்து தாய்மாமன் முன்னால் விரித்தாள்.

"நல்லாப் பாத்துக்குங்க. இந்த வூட்டுல ஆரம்பிச்சத முடிக்காதவன் இவன் ஒருத்தன்தான். இவனும் சாப்பாட்ட மட்டும் ஒழுங்கா முடிச்சிடுவான்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். தாய்மாமன் மார்க் ஷீட்டை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவர் முடிக்கும்வரை மாப்பிள்ளை காத்திருக்கவில்லை.

"எனக்குப் புடிச்சிருக்கு மாமா" என்றார்.

அந்த மாப்பிள்ளைதான் இன்று என் மாமா. ஆள் நல்லவர், ஆனால் எதையும் மறக்கமாட்டார். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணின் அப்பா "மாப்ள என்ன படிச்சிருக்..." என்று தொடங்கியதும், பையிலிருந்து லேமினேட் செய்த என் டிகிரி சர்டிபிகேட்டை எடுத்துத் தாம்பூலத் தட்டில் வெற்றிலைக்கு மேல் வைத்தார்.

"முழுசா முடிச்சிருக்கான். நானே ரெண்டு தடவ செக் பண்ணிட்டேன்."

ஏன் அப்படிச் செய்தார் என்று என் மாமனார் வீட்டில் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாமாவும் ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தக் கதையைச் சொல்கிறார், ஒரு ஸ்டேஜ்கூட விடாமல்.