வலப்பக்கம் திரும்பினால் டக் டக்

பொறாமையால் ஆட்கள் என்னென்னவோ செய்திருக்கிறார்கள். நான் ஒரு காரின் அச்சை உடைத்திருக்கிறேன். என்னுடைய காரைத்தான். அதுவும் கோயில் வாசலில், அர்ச்சகர் முன்னிலையில்.

என் மனைவி ரேவதியின் தங்கை கணவர் மோகன். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். திருப்பதியில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. உயரம், தலைமுடி, பொறுமை மூன்றிலும் என்னைவிட வசதியானவர். ஆனால் என்னிடம் கார் இருந்தது, அவரிடம் இல்லை. சித்தூரில் மாங்காய் மண்டி நடத்தும் எங்கள் மாமனார், விசேஷம் எதற்குப் போனாலும் என் காரின் முன்சீட்டில்தான் உட்காருவார். மூத்த மாப்பிள்ளை என்ற பதவிக்கு என்னிடம் இருந்த ஒரே சான்று அந்த முன்சீட்.

போன வருடம் மோகன் புதுக் கார் புக் செய்தார். அதே வாரம் என் கார் சத்தம் போட ஆரம்பித்தது.

நேராகப் போனால் ஒன்றுமில்லை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்தால் முன் இடது சக்கரத்திலிருந்து டக், டக், டக். வேகம் கூடினால் டக்கும் கூடும். வீல் கப்பைக் கழற்றிப் பார்த்தேன். டயர் இடுக்கிலிருந்து பதினோரு கற்களைத் தோண்டி எடுத்தேன். சத்தம் அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்த மோகன், யாரும் கேட்காமலே குனிந்து, செல்போன் வெளிச்சத்தைச் சக்கரத்துக்குப் பின்னால் அடித்தார். பத்து விநாடி இருக்கும்.

"சகலை, அச்சையும் சக்கரத்தையும் சேக்கிற சிவி ஜாயிண்ட். மேல கீற ரப்பர் பூட் கிழிஞ்சி கிரீஸெல்லாம் வெளிய வந்துடுச்சு. மண்ணு உள்ள போய் தேச்சிக்கினு கீது. உடனே மாத்திடுங்க, ஒடஞ்சா வண்டி நின்னுடும்."

"நான் சொல்லல? மோகன் பார்த்தா தெரிஞ்சிடும்னு!" என்றாள் ரேவதி. (ஒன்பது வருடத்தில் என்னைப் பற்றி இப்படி ஒரு வாக்கியம் அவள் சொன்னதில்லை.) அந்த நொடியில் முடிவு செய்தேன். இது என்னவாக இருந்தாலும் சிவி ஜாயிண்ட் இல்லை.

ரேணிகுண்டா சாலையில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்து, "ஜாயிண்ட் போயிந்தி சார்" என்றார். வேறொருவரிடம் போனேன். அவர் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை, அதையே சொன்னார். சித்தூர் போய் மூன்றாவது ஆளைப் பிடித்தேன். இந்த முறை பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டேன்: "வீல் பேரிங்கா இருக்குமா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "உண்டொச்சு சார்" என்றார். இருக்கலாமாம். எனக்கு அது போதும்.

பேரிங் மாற்றியாயிற்று. நெடுஞ்சாலையில் நேராக ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. (முன்பும் நேராக ஓட்டினால் இல்லை என்பதை அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.) குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: 'பேரிங்தான். சரியாகிவிட்டது.' மோகன் ஒரு கட்டைவிரல் போட்டார். அந்தக் கட்டைவிரலை இரண்டு நாள் வெறுத்தேன்.

அடுத்த ஞாயிறு மோகனின் புதுக் காருக்குக் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலில் பூஜை. பூஜை ஆகாத வண்டியில் மாமனார் ஏறமாட்டார். ஆகவே சித்தூரிலிருந்து வழக்கம்போல என் முன்சீட். திரும்பி வரும்போது எந்த முன்சீட் என்பதுதான் கேள்வி. வழியெல்லாம் சாமி பாட்டைச் சத்தமாக வைத்து, ஒவ்வொரு வலப்பக்கத் திருப்பத்தையும் பேருந்துபோல அகலமாக எடுத்தேன்.

"இன்னா மாப்ளே, சத்தம் நின்னுச்சா?"

"நின்னுடுச்சு மாமா."

பின்சீட்டிலிருந்து ரேவதி, "காணிப்பாக்கம் போய்க்கினு பொய் சொல்லாதீங்க, அந்தப் பிள்ளையார் சும்மா விடமாட்டாரு" என்றாள். பொய்ச் சத்தியம் செய்கிறவர்களை அவர் கவனித்துக்கொள்வார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். நான் சத்தியம் செய்யவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அங்கே வாகன பூஜை வரிசையில் மோகனின் கார் மாலையோடு நின்றது. என் காரும் பூஜை செய்துகொள்ளட்டுமே, ஆறு வருடப் பழசு என்றால் சாமிக்கு ஆகாதா? மோகனின் காருக்கு முன்னால் ஒரு இடைவெளி தெரிந்தது. வலப்பக்கம் முழுக்க ஒடித்து நுழைந்தேன். டக், டக், டக், டமால். சரியாக இடத்தில் நின்றது. வரிசைக் கம்பியில் இடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அர்ச்சகர் பொட்டு வைத்தார், தேங்காய் உடைத்தார், நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். "முந்துகு போனிவ்வண்டி" என்று முன்னால் கை காட்டினார்.

முதல் கியர். எஞ்சின் கத்தியது. கார் அசையவில்லை. "பிரேக் தீயண்டி" என்றார் அர்ச்சகர். எடுத்துத்தான் இருந்தது. இரண்டாவது கியர், ரிவர்ஸ், மறுபடி முதல். வரிசையில் பத்துப் பன்னிரண்டு புது வண்டிகள் பார்த்துக்கொண்டிருந்தன. மாமனார் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மாப்ளே, பழம் அப்படியே கீது."

மோகன் இறங்கி வந்தார். குனிந்து பார்த்தார். 'அப்பவே சொன்னேன்' என்றாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நாலு பேரைக் கூப்பிட்டுப் பின்னாலிருந்து தள்ளினார். அவருடைய பூஜைச் சட்டையெல்லாம் புழுதி. என் காரின் பழங்களை அவர்தான் நசுக்கினார்.

மாமனார் தன் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு புதுக் காருக்கு மாறினார். "ஏசி நல்லா கீதுப்பா" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

மறுநாள் சித்தூரில் அதே மூன்றாவது மெக்கானிக் அச்சைக் கழற்றிப் போட்டார். ஜாயிண்ட் உள்ளே உருண்டை உருண்டையாய்ச் சிதறியிருந்தது. ஏன் பேரிங் என்றீர்கள் என்று கேட்டேன். "மீரே செப்பாரு கதா சார்" என்றார். நான்தான் சொன்னேனாம். அது உண்மை. புது அச்சு போட்டதும் சத்தம் போய்விட்டது. முன்சீட்டும் போய்விட்டது.

இன்று எங்கள் குடும்பத்தில் யாருடைய வேலை நகராவிட்டாலும், அது கல்யாணப் பேச்சோ ஆதார் திருத்தமோ, "பழம் அப்படியே கீதா?" என்றுதான் கேட்கிறார்கள். வீட்டில் மிக்ஸியோ ஃபேனோ சத்தம் போட்டால் ரேவதி அதைப் பதிவுசெய்து முதலில் மோகனுக்கு அனுப்புகிறாள். போன மாதம் மாடிப்படி வளைவில் என் முழங்காலில் ஒரு சத்தம்.

"இன்னொரு வாட்டி ஏறுங்க" என்று போனை முழங்காலருகே பிடித்தாள்.

ஏறினேன். ஒரு நிமிடத்தில் மோகனின் பதில் வந்தது: 'நேரா நடந்தா வருதா, திரும்பினா மட்டும் வருதா?'

திரும்பினால் மட்டும்தான் வருகிறது. 'நேராக நடந்தாலும் வருகிறது' என்று அனுப்பச் சொன்னேன்.