துணிச்சாமியின் அடங்காப்பிடாரிச் சோதனை

காலை ஒன்பது மணிக்கே மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. வந்தவர்கள் கணவன்மார்கள், இழுத்து வரப்பட்டவர்கள் மனைவிமார்கள். ஓடாத கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொண்டுவருவதுபோல ஆளுக்கொன்று.

துணிச்சாமியின் புகழ் அப்படி. நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்குள் அடங்காப்பிடாரி என்றொரு பேய் புகுந்துகொள்ளுமாம். எதிர்த்துப் பேச வைக்குமாம். அது உள்ளே இருந்தால், சாமியின் ஈர மஞ்சள் துணியைப் பிடித்ததும் துணி ரத்தமாய்ச் சிவந்துவிடும். ஆண்களுக்குள் அது புகாது. பேய்க்கும் ஆள் பார்த்து நடக்கத் தெரிகிறது.

வரிசையில் ஒரு சலவைக்காரியும் நின்றாள். வயது நாற்பத்தெட்டு. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்துநாலு வருடமாகப் படுக்கை விரிப்புகளை வெளுப்பவள். அவளை மேற்பார்வையாளராக்கிக் கடிதம் வந்திருந்தது. அன்று மதியத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். "வேண்டாம், இருக்கிற வேலையையும் விடு" என்றார் கணவர். அவள் முதல்தடவையாக "ஏன்?" என்று கேட்டுவிட்டாள். அந்த ஒற்றைச் சொல்லுக்குத்தான் இந்த வைத்தியம்.

வெட்கக்கேடு என்னவென்றால், அவளுக்கே பயமாக இருந்தது. பொம்பளைப் பிள்ளை எதிர்த்துப் பேசக்கூடாது என்று சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்த்திருந்தார்கள். உள்ளே ஏதோ புகுந்துதான் கேட்க வைத்ததோ என்று அவளும் நம்பினாள்.

வாசலில் சாமியின் சீடர் கணவர்களிடம் மட்டும் விசாரித்தார்.

"வீட்டுல எப்படி? எதிர்த்துப் பேசறாங்களா?"

"வேலைய விடுன்னா ஏன்னு கேக்குறா!" என்றார் அவள் கணவர்.

சீடரிடம் இரண்டு டப்பாக்கள். குறை சொல்லப்படாத மனைவிகளுக்கு வெள்ளை மூடி டப்பா. இவளுக்குக் கறுப்பு மூடி திறந்தது.

"உள்ளங்கையில தண்ணி தொட்டுத் தேச்சுக்கங்கம்மா. சுத்தம் பண்ற பொடி."

தேய்த்தாள். வழுக்கியது. அந்த வழுக்கல் அவள் கைக்குப் பழக்கமானது. சலவை சோடா!

மேடையில் துணியைப் பிடித்தாள். சிவந்தது. கூட்டம் "ஐயோ" என்றது. கணவர் முகத்தில் பரம திருப்தி.

"பாத்தியாம்மா? வேலைய விடு. நாப்பது நாள் வாய் திறக்காத. அப்புறம் வா, துணி மஞ்சளாவே இருக்கும்" என்றார் சாமி.

இருக்காதா பின்னே? அப்போது வெள்ளை மூடியல்லவா திறக்கும்!

அவள் துணியையே பார்த்தாள். மஞ்சள் கறை பட்ட விரிப்பைச் சோடாத் தண்ணீரில் போட்டால் இதே சிவப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அதை ரத்தமென்று நினைத்து அலறியிருக்கிறாள். பயம் போய்க் கோபம் வந்தது. இத்தனை வருடம் எதற்கெல்லாம் பயந்தோம் என்கிற கோபம்.

"சாமி, ஆம்பளைங்களுக்குள்ள அது புகாதுதானே?"

"புகவே புகாது."

"அப்ப கையக் குடுங்க."

அவர் யோசிப்பதற்குள் தன் உள்ளங்கையை அவர் உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்து, தட்டிலிருந்த புது மஞ்சள் துணியைத் திணித்து மூடினாள். ஈர விரிப்பை முறுக்கிப் பிழிகிற கை. சாமியால் கையை உருவ முடியவில்லை. திறந்தபோது துணி செக்கச்செவேல்.

"அடடா, சாமிக்குள்ளயும் அடங்காப்பிடாரி! நீங்களும் நாப்பது நாள் வாய் திறக்காதீங்க."

பிறகு தன் கையை நன்றாகக் கழுவிவிட்டு இன்னொரு துணியைப் பிடித்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"சோடாவும் மஞ்சளும்தான். என் சலவைத் தொட்டிக்கு வாங்க, தினமும் காட்டறேன்."

வரிசையிலிருந்த பெண்கள் கை கழுவ ஓடினார்கள். சாமி பின்கதவைத் தேடினார்.

"மானத்த வாங்கிட்ட. நட வீட்டுக்கு" என்றார் கணவர்.

பழக்கதோஷம், கால் அவர் பின்னால் இரண்டடி போயிற்று. பிறகு நின்றது.

"நீங்க போங்க. எனக்குக் கையெழுத்துப் போடற வேலை இருக்கு."

அவள் போய்விட்டாள். அவரோ சீடரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இவரை விடப் பெரிய சாமி யாராவது இருக்காரா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

பெண்டாட்டி வாயை அடைக்கச் சாமி தேடி அலைகிற புண்ணியவான்களே, அவள் கேட்ட அந்த "ஏன்?" என்ற கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து ஒரு பதில் யோசித்தால் மூளை தேய்ந்தா போய்விடும்?