ஏழாவது படத்தில் இருப்பவர்

“ஏழாவது படத்துக்கு என்ன எழுதியிருக்கீங்க, கொஞ்சம் வாசிங்க, கேப்போம்” என்றது தொலைபேசியில் ஒரு பெண் குரல்.

நகராட்சி எழுத்தர் கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “படம் ஏழு, மூன்றாவது குறுக்குத் தெருன்னு எழுதியிருக்கும்மா.”

“அது நம்பரும் விலாசமும். படத்துல என்ன இருக்கு?”

“படத்துலயா?”

“உங்களுக்குக் கண்ணு தெரியுதில்ல? பாத்துச் சொல்லுங்க. எனக்குத் தெரியாது. அதுக்குத்தானே சட்டம் போட்டிருக்காங்க.”

சட்டம் போட்டிருந்தார்கள் என்பது உண்மைதான். நகராட்சியின் வலைத்தளத்தில் ஒரு படம் இருந்தால், அதில் கண்ணுக்குத் தெரிவது அத்தனையும் எழுத்திலும் இருக்க வேண்டும். பார்வையில்லாதவர்களுக்கு அவர்களுடைய கணினி அதை உரக்க வாசித்துக் காட்டும். அதே மாதத்தில் ட்ரோன் விதிகளும் வந்து சேர்ந்தன. எங்கே பறக்கவிடலாம், எங்கே கூடாது என்று ஜனங்களுக்கு விளக்க, நகராட்சியே ஒரு ட்ரோனைப் பறக்கவிட்டுப் பதினொரு படம் எடுத்துப் போட்டது. இரண்டு வேலையையும் ஒரே ஆளின் தலையில் கட்டினார்கள். அந்தத் தலை எழுத்தருடையது.

“மனு குடுத்திருக்கேன். நாப்பத்தொண்ணாம் நம்பர். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு விசாரணை. அதுக்குள்ள எழுதிடுங்க தம்பி.”

மனுவில் பெயர் இல்லை. ஜனங்கள் பயமில்லாமல் குறை சொல்லட்டும் என்று, பெயரை மறைத்து எண்ணை மட்டும் காட்டும்படி ஏற்பாடு செய்தது ஆணையர்தான். அவர் இந்த ஊருக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அந்த ஏற்பாட்டுக்காக அவருக்குப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள்.

எழுத்தர் கடைக்குச் சாமான் பட்டியல் எழுதினாலும் ஓரத்தில் இடம் விட்டு எழுதுகிறவர். உட்கார்ந்தார், எழுதினார். ‘ஒரு மொட்டை மாடி. கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் மறைவில் ஒரு ஆண் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். தலையில் துண்டு போட்டிருப்பதால் முகம் தெரியவில்லை. தொப்பையை வைத்துப் பார்த்தால் வயது ஐம்பதுக்கு மேல்.’

மறுநாள் காலையிலேயே போன்.

“ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. எதிர்ல உக்காந்திருக்குற மாதிரியே இருக்கு. கையில என்ன?”

“எந்தக் கையிலம்மா?”

“ரெண்டு கையையும் பாருங்க.”

எழுத்தர் கணினி அறைப் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, தொட்டியை ஒரு மலை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

“சிகரெட் சார்.”

“நல்லாப் பாரு. பேனாவா இருக்கப் போவுது.”

“பேனாலேர்ந்து புகை வருமா சார்?”

வராது. ‘வலது கை விரல்களுக்கு நடுவே வெள்ளையாக ஒன்று. அதிலிருந்து மெல்லிய புகை எழுகிறது’ என்று சேர்த்தார்.

அரை மணி நேரத்தில் தீயணைப்பு நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

“மொட்டை மாடியில புகைன்னு உங்க வெப்சைட்லயே போட்டிருக்காமே. எந்த வீடு?”

“அது போன மாசத்துப் புகை சார்.”

“அணைஞ்சிடுச்சா?”

“அணைஞ்சிருக்கும்.”

“இருக்கும்னா எப்படி? அணைஞ்சிடுச்சுன்னு எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தார். அதன் நகல் ஒன்று முறைப்படி ஆணையரின் மேசைக்கும் போயிற்று. உடனே அழைப்பு வந்தது.

“ஏழாவது படத்துல எதுக்குங்க இவ்வளவு இலக்கியம்?” என்றார் ஆணையர்.

“இருக்குறத எழுதினேன் சார்.”

“ட்ரோன் விதி நாலு என்ன சொல்லுது? மாடியில இருக்குறவரு இன்னாருன்னு வெளிய தெரியக் கூடாது. நீங்க தொப்பை வரைக்கும் எழுதி வெச்சிருக்கீங்க.”

“தொப்பைய எடுத்துடறேன் சார்.”

“புகைய எடுங்க. மொதல்ல புகைய எடுங்க.”

“கண்ணுக்குத் தெரியறதெல்லாம் எழுதணும்னு அந்தச் சட்டம்…”

“போன எழுத்தரும் இப்படித்தான் சட்டம் பேசுவாராம்” என்றார் ஆணையர். “இப்ப எங்க இருக்காருன்னு தெரியுமில்ல?”

தெரியும். ஆற்றுக்கு அக்கரையில் நீரேற்று நிலையத்தில் இருந்தார். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி.

அன்று மாலை எழுத்தர் இரட்டைக் குழந்தைகளைக் காப்பகத்திலிருந்து கூட்டி வந்து, ஒன்றுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். இன்னொன்றுக்கு ஊட்டிக்கொண்டிருந்த மனைவி, ஆஸ்பத்திரி நர்ஸ்.

“உங்களை அக்கரைக்கு அனுப்பிட்டா, அஞ்சரைக்கு இதுங்கள யாரு கூட்டிட்டு வர்றது? நான் வார்டுல ஊசியோட நிப்பேன். இதுங்க காப்பக வாசல்ல நிக்குமா?”

“அதான் யோசிக்கிறேன்.”

“உங்க ஆபீஸ்ல அறிவுள்ளவங்க யாருமே இல்லையா?”

“இருந்தாரு. அவரைத்தான் அக்கரைக்கு அனுப்பிட்டாங்க.”

மனைவி சிரிக்கவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்தாள். “புகைன்னு சொல்லாம மூச்சுப் பயிற்சின்னு போடுங்க. உள்ள இழுத்து வெளிய விடறதுதானே.”

போட்டார். மறுநாள் போன்.

“மூச்சுப் பயிற்சியா?”

“ஆமாம்மா.”

“தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா?”

“வெயிலுக்காக இருக்கும்மா.”

“உள்ள இழுக்குறாரா, வெளிய விடறாரா?”

எழுத்தர் படத்தைப் பார்த்தார். “வெளிய விடறாரும்மா.”

“விடறது கண்ணுக்குத் தெரியுதா?”

எழுத்தருக்குப் பொய் வராது. அவர் பேசாமல் இருந்தாலே அது வாக்குமூலம் மாதிரித்தான் கேட்கும்.

“சரி தம்பி, புரிஞ்சுது” என்றது குரல்.

“மத்தப் படத்துலல்லாம் ஏதாவது குறை இருக்காம்மா?”

“மத்ததெல்லாம் பிரமாதம். அந்தப் பூங்கா படத்த மூணு தரம் கேட்டேன். கொஞ்ச நேரம் அங்க போய் உக்காந்துட்டு வந்த மாதிரி இருந்துச்சு. ஏழுதான் மனசுக்குச் சரியா வரலை.”

அன்று மதியம், காலையில் நடக்கப் போகிறவர்களின் சங்கத் தலைவர் நேரில் வந்துவிட்டார்.

“மூணாவது குறுக்குத் தெருவுல பெரிய மூச்சுப் பயிற்சி வாத்தியார் ஒருத்தர் இருக்காராமே. சங்கத்துல பேச வைக்கலாம்னு பாக்குறோம். விலாசம் குடுங்க.”

“அவரு வாத்தியார் இல்லைங்க. சொந்தமாப் பண்றவரு.”

“சொந்தமாப் பண்றவருதான் வேணும். நாப்பது பேரு இருக்கோம், மாடிக்கே வந்துடறோம்.”

அந்தப் பக்கமாக வந்த ஆணையர் அதைக் கேட்டபடி ஒரு நொடி நின்றார். முகம் சுண்டிப் போயிற்று. தலைவர் போனதும் எழுத்தரிடம் மெதுவாகச் சொன்னார். “ஆளையே எடுத்துடுங்க. தண்ணித் தொட்டி மட்டும் இருக்கட்டும்.”

“படத்தையே எடுத்துடலாமே சார்?”

“மனு நடக்குறப்ப படத்தத் தொட்டா மறைச்சோம்னு ஆயிடும். எழுத்தத் தொடுங்க, போதும்.”

வியாழக்கிழமை ஏழாவது படத்தின் எழுத்தில் தண்ணீர்த் தொட்டி மட்டுமே இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் போன் மணி அடித்தபோது, எடுக்காமலே இருந்துவிடலாமா என்று எழுத்தர் நினைத்தார். எடுத்தார்.

“அவரு எங்க போனாரு?”

“யாரும்மா?”

“தொட்டிக்குப் பின்னாடி இருந்தாரே. எழுந்து போயிட்டாரா?”

“படம் மாறலைம்மா.”

“அப்ப ஆளு அங்கதான் இருக்காரு.”

“இருக்காரும்மா.”

 குரல் கோபமே இல்லாமல் சொன்னது. “மத்தவங்க சொல்றத வெச்சுத்தான் தம்பி எனக்கு உலகம். அவங்கவங்க சௌகரியத்துக்கு ஆள எடுத்துட்டா, நான் யாரோட குடித்தனம் பண்றேன்னே எனக்குத் தெரியாமப் போயிடும்.”

எழுத்தர் போனை வைத்துவிட்டு ஏழாவது படத்தைத் திறந்தார். அப்புறம் தொப்பையைப் போட்டார். துண்டைப் போட்டார். சிகரெட்டைச் சிகரெட் என்றே எழுதி, புகையையும் போட்டார். கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: ‘தோள்கள் இறங்கியிருக்கும் விதத்தைப் பார்த்தால், ரொம்ப நாளைக்குப் பிறகு கிடைத்த ஐந்து நிமிட நிம்மதி போலிருக்கிறது.’

பிறகு மனைவிக்குப் போன் செய்தார். “திங்கக்கிழமையிலேர்ந்து பசங்களுக்கு வேற ஏற்பாடு பாக்கணும் போலிருக்கு.”

“உண்மைய எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேன்.”

“எழுதுவீங்கன்னு தெரியும்” என்றாள் அவள். “நைட் டூட்டி மாத்தித் தருவாங்களான்னு கேட்டு வெச்சுட்டேன்.”

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆணையர் கூப்பிட்டார். மேசைமேல் மாற்றல் உத்தரவு தயாராக இருந்தது.

“நான் அவ்வளவு சொல்லியும் போட்டிருக்கீங்க.”

“படத்துல இருக்கு சார்.”

“நிம்மதின்னு போட்டிருக்கே, அதுவும் இருக்கா?”

“இருக்கு சார். பாத்தாத் தெரியும்.”

ஆணையர் நிமிர்ந்து அவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பேனா மூடியைத் திறந்தார். “அக்கரையில படம் எதுவும் கிடையாது. தண்ணி மட்டும்தான். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.”

“அஞ்சரைக்குப் பசங்களக் கூட்டிட்டு வரணும் சார்.”

“அந்த மனுதாரர் வரட்டும், யாருன்னு நானும் பாக்குறேன். அடுத்த வீட்டு மாடியில எவன் என்ன பண்ணா இவங்களுக்கு என்ன?”

பேனா காகிதத்தைத் தொடும் நேரத்தில் கதவு திறந்தது. ஆணையரின் கார் டிரைவர் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

“ஐயா, உங்க வீட்டம்மா வந்திருக்காங்க. நாப்பத்தொண்ணாம் நம்பர் மனு அவங்களோடதாம். ஏழாவது படத்த நீங்களே உங்க வாயால வாசிச்சுக் காட்டணுமாம். நடுவுல எதையாவது விட்டுட்டா எடுத்துக் குடுக்க, இந்த சார் பக்கத்துலயே இருக்கணுமாம்.”