ஏழு மணிக்குச் சுடும் சுவர்

ஒரு வீட்டைப் பற்றி நான் நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். அதை எழுதிய எட்டு மாதத்தில் அந்த வீட்டுக்குள் நான் இருந்த நேரம் மொத்தம் பத்து நிமிடம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. அந்த வீடு இருக்கிற தம்போயில் யாரைக் கேட்டாலும் கதையை இன்னும் கூட்டித்தான் சொல்வார்கள்.

இங்கே மலேசியாவில் கட்டடக்கலையில் இளநிலைப் பட்டம் வாங்கியவனை யாரும் கட்டடக் கலைஞன் என்று சொல்வதில்லை. முதுநிலையும் முடிக்க வேண்டும். அதுவரை அலுவலகத்தில் பெரியவர்கள் வரைந்த கட்டடத்துக்குக் கழிப்பறை வரைந்து கொடுக்கலாம். நான் ஜொகூர் பாருவில் மூன்று வருடம் கழிப்பறை வரைந்தேன். (பேரங்காடிக் கழிப்பறை, கடைவீட்டுக் கழிப்பறை, ஒரு மாறுதலுக்குப் பெட்ரோல் நிலையக் கழிப்பறை.) அந்த அலுப்பு தாங்காமல்தான் முதுநிலையில் சேர்ந்தேன். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், மற்ற நாள் வகுப்பு என்று ஆனதும், அலுப்பு இரண்டு மடங்கானது.

சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு தாளை நீட்டி, எந்தத் துறையில் ஆய்வு செய்யப் போகிறாய், குறி என்றார்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறை இருந்தது. அதற்குப் பாழடைந்த கடைவீடுகளின் கூரைமேல் ஏறி அளவெடுக்க வேண்டும். நகர வடிவமைப்பு இருந்தது. அதில் குழுவாக வேலை செய்ய வேண்டும், குழுவில் வேலை செய்கிறவன் எப்போதும் ஒருவன்தான், அது நானாக இருந்துவிடுமோ என்று பயம். நிலத்தோற்ற வடிவமைப்புக்குச் செடிகளின் லத்தீன் பெயர் தெரிய வேண்டும். கடைசியில் ஒன்று இருந்தது: கட்டடங்களின் வெப்பநிலை ஆய்வு. பக்கத்தில் இருந்த சீனியரிடம் அதில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"ஒரு பெட்டிய வீட்ல மாட்டணும். அது பாட்டுக்கு எழுதிக்கிட்டு இருக்கும்" என்றார்.

அது பாட்டுக்கு எழுதிக்கொள்ளும் என்ற வார்த்தையில் விழுந்தவன்தான். அந்தக் கட்டத்தில் பெரிதாக ஒரு குறி போட்டேன்.

ஆய்வுக்கு, வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு மலிவு விலைத் தெரேஸ் வீடு வேண்டும். தம்போயில் என் அப்பாவின் தங்கை பிலோமினா அத்தை அப்படி ஒரு வீட்டில்தான் இருக்கிறார். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். லாபிஸ் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்து, முப்பது வருடமாக அதே வீடு. நல்லவர். ஆனால் அவர் வீட்டுக்குள் போனால் சுலபமாக வெளியே வர முடியாது. முதலில் சாப்பாடு, பிறகு கல்யாணம் எப்போது என்ற விசாரணை, ஏழு மணி ஆகிவிட்டால் ஜெபமாலை. எங்கள் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். ஞானஸ்நானம் வாங்கிய நாளோடு என் பக்தி நின்றுவிட்டது என்று அத்தைக்கு என்மேல் ஒரு குறை உண்டு.

பெட்டிகளை மாட்டப் போன சனிக்கிழமை, வகுப்பு இருக்கிறது என்று பொய் சொல்லி, பத்து நிமிடத்தில் வேலையை முடித்தேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி மூன்று. ஒன்று கூடத்துச் சுவரில், ஒன்று சமையலறையில், ஒன்று மேல்மாடிப் படுக்கையறையில். அத்தை கூடத்துப் பெட்டியைக் கூர்ந்து பார்த்தார். அதில் ஒரு சின்னப் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"ஏண்டா ஆரோ, இது என்னாடா பண்ணும்?"

"சூட்ட அளக்கும் அத்த."

"இதுலதான் உன் படிப்பு இருக்கா?"

"ஆமா அத்த. எல்லாம் இதுலதான் இருக்கு. பத்தரமா பாத்துக்கங்க."

வாசலில் நின்றபடியே இதைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அதன்பின் உள்ளே போகவே தேவைப்படவில்லை. அந்தப் பெட்டிகள் பதிவு செய்ததையெல்லாம் கைப்பேசியிலேயே வாங்கிக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து மீட்டர் தூரத்தில் இருந்தால் போதும். மாதம் ஒரு சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு, அத்தை வீட்டு கேட்டுக்கு வெளியே காரை நிறுத்துவேன். இன்ஜினைக்கூட அணைக்க மாட்டேன். ஐந்து நிமிடத்தில் ஒரு மாதத்து வெப்பம் என் கைக்கு வந்துவிடும். வந்த வழியே திரும்பிவிடுவேன். இதைவிட நாகரிகமான ஆராய்ச்சி உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பதிவுகளைக் கோடாகப் போட்டுப் பார்த்தபோதுதான் என் வாழ்க்கையின் ஒரே கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. கூடத்தில் வெப்பம் பகலில் ஏறி, சாயங்காலம் இறங்கி, சரியாக ஏழு மணிக்கு மறுபடியும் ஏறியது. எட்டு மணிக்கு இறங்கியது. தினமும். அக்டோபர் மாதத்தில் அந்த ஏற்றம் மலை மாதிரி நின்றது, காற்றின் ஈரப்பதமும் கூடவே ஏறியது.

நான் யோசித்தேன். (யோசித்தேன் என்பதைவிட, சந்தோஷப்பட்டேன் என்பதுதான் சரி.) பகலெல்லாம் வெயிலைக் குடித்த செங்கல் சுவர் சாயங்காலத்தில் அதை வெளியே விடுகிறது. அக்டோபரில் இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவே காற்று ஓய்ந்து கிடப்பதால் அது அதிகமாகிறது. இதற்கு 'மாலைநேர வெப்ப மீளெழுச்சி' என்று நானே ஒரு பெயர் வைத்தேன். அதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதினேன். அந்தச் சுவருக்கு மருந்தாக, நடுவில் காற்று ஓடும் இரட்டைச் சுவர் ஒன்றை வடிவமைத்தேன். ஒரு வீட்டுக்கு மட்டுமா, அந்தத் தாமானில், அந்தக் குடியிருப்பு முழுக்க, இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் போட்டு வரைந்தேன்.

என் ஆய்வு நெறியாளர் டாக்டர் ரொஹானா. என்னைவிடவும் களைத்த மனுஷி. நான் போட்டுக் காட்டிய கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். பேசுவது ஆங்கிலமும் மலாயும். தமிழில் எழுதினால் இப்படி வரும்:

"ஆரோக்கியம், ஏழு மணிக்கு அந்த வீட்ல போய் உக்காந்து பாத்தீங்களா?"

"பாத்தேன் டாக்டர்."

"சூடா இருந்துச்சா?"

"ரொம்ப."

இந்த இரண்டு பதிலையும் நான் கண்ணிமைக்காமல் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இறுதி விளக்கவுரை காலை பத்து மணிக்கு. பொதுமக்களும் வந்து உட்காரலாம், வீட்டுக்காரர்களை அழைத்தால் தேர்வாளர்களுக்குப் பிடிக்கும் என்று டாக்டர் ரொஹானா சொல்லியிருந்தார். அத்தையை அழைத்தேன். அத்தை தொழிற்சாலைக்கு லீவு போட்டு, ஈஸ்டருக்குக் கட்டுகிற பட்டுப்புடவையில் வந்தார். கூடவே பக்கத்து வீட்டுச் சவரிமுத்து அங்கிள், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மடியில் ஒரு பெரிய டப்பா நிறைய, உருளைக்கிழங்குக் கறி வைத்துப் பொரித்த கறிபாப். தேர்வாளர்களுக்காம்.

திரையில் தன் வீட்டுப் படம் வந்ததும் அத்தை அங்கிளை முழங்கையால் இடித்தார். "நம்ம கேட்டுக்குப் பெயிண்ட் அடிச்சிருக்கலாம்" என்றது எனக்கே கேட்டது.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பெயர் லிம். அறுபது வயதிருக்கும், மெதுவாகப் பேசுகிறவர். ஏழு மணிக்குச் சுவர் மூச்சு விடுகிறது என்று நான் இருபது நிமிடம் பேசி முடித்ததும், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் நாப்பது வருஷமா செங்கல் சுவர் கட்டுறேன். சுவர் சூட்டை விட்டா ராத்திரி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா விடும். உங்க சுவர் எட்டு மணிக்கு ஏன் டக்குனு நிறுத்திடுது?"

"அந்தச் சுவரோட குணம் சார்."

"சரி. நவம்பர் ஒண்ணாம் தேதியிலேர்ந்து அந்தக் குணம் ஏன் பாதியாயிடுச்சு?"

"மழைக்காலம் தொடங்கிடுச்சு சார்."

"ஒரே நாள்லயா?"

நான் தண்ணீர் குடித்தேன். அவர் என்னை விட்டுவிட்டு, பின்வரிசையைப் பார்த்து மலாயில் கேட்டார்.

"ஆன்ட்டி, உங்க வீடுதானே இது. சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன நடக்கும்?"

அத்தை எழுந்து நின்றார். அவரும் மலாயில்தான் சொன்னார், கூச்சமில்லாமல்.

"ஏழு மணிக்கு ஜெபம் பண்ணுவோம் சார். மாதா முன்னாடி மெழுகுவத்தி ஏத்துவேன். அக்டோபர் ஜெபமால மாசம்லா, அப்ப தாமான்ல உள்ளவங்க எல்லாம் எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. இருவது பேருக்குக் கொறையாது. எட்டு மணிக்கு வத்திய அணைச்சிட்டு, சூடா ஒரு கப் தே ஓ குடிச்சிட்டுப் போவாங்க."

அரங்கத்தில் யாரோ நாற்காலியை நகர்த்திய சத்தம் கேட்டது. லிம் ரொம்ப மரியாதையாக அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"கூடத்துல மாட்டின அந்த வெள்ளைப் பெட்டி எங்க இருக்கு ஆன்ட்டி?"

"மாதா காலடியிலதான். மொத நாளே எடுத்து அங்க வெச்சிட்டேன்." பிறகு என்னைப் பார்த்துத் தமிழில், "நீதானடா சொன்ன, எல்லாம் இதுலதான் இருக்கு, பத்தரமா பாத்துக்கன்னு. அதவிட பத்தரமான எடம் நம்ம வீட்ல ஏது?"

"மெழுகுவர்த்தியிலேர்ந்து எவ்வளவு தூரம்?" என்றார் லிம்.

அத்தை கையை விரித்து ஒரு சாண் காட்டினார். சவரிமுத்து அங்கிள் அது அதிகம் என்று சொல்லி, நாலு விரல் காட்டினார்.

டாக்டர் ரொஹானா என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். லிம் கடைசியாக என்னிடம் கேட்டார், ஏழு மணிக்கு நான் அந்த வீட்டில் ஒரு நாளாவது இருந்ததுண்டா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் என்னைக் காப்பாற்ற அத்தை முந்திக்கொண்டார்.

"வருவான் சார். மாசா மாசம் வந்துருவான். கேட்டுக்கு வெளிய காடிய நிறுத்திட்டு போனப் பாத்துக்கிட்டே இருப்பான். எங்க மூணு வீட்டு ஜன்னல்லேர்ந்தும் பாப்போம். யாரோ பொண்ணுகிட்ட பேசுறான், நம்மகிட்ட சொல்ல வெக்கப்படுறான்னு நாங்களும் கூப்புடாம விட்டுட்டோம்."

"இல்ல சார். ஒரு நாளும் இருந்ததில்ல" என்றேன். அந்த நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தை எழுதியவன் அன்று சொன்ன ஒரே உண்மை அதுதான்.

எங்களை வெளியே அனுப்பிவிட்டு அரை மணி நேரம் பேசினார்கள். தாழ்வாரத்தில் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருந்தது. "நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும்டா" என்றார். கண் கலங்கியிருந்தது. எட்டு மாதம் அவர் வாசலில் நின்று ஒரு வாய் சாப்பிடாமல் ஓடியவன் நான். மன்னிப்பு அவர் கேட்கிறார். என் அலுப்பையெல்லாம் மீறி எனக்கு வெட்கம் வந்தது அப்போதுதான்.

"அலமாக், விடும்மா. கறிபாப் ஆறுது" என்றார் அங்கிள்.

தேர்ச்சி தரவில்லை, தள்ளவும் இல்லை. மூன்று மாதம் கொடுத்தார்கள். மீளெழுச்சி அத்தியாயத்தை எடுத்துவிட்டு, மறுபடியும் அளக்க வேண்டும். முப்பது சாயங்காலம் அந்த வீட்டில் நானே உட்கார்ந்து, யார் வந்தார்கள், எந்தச் சன்னல் திறந்திருந்தது, எந்த விசிறி ஓடியது என்று கையால் எழுத வேண்டும். இது லிம் போட்ட நிபந்தனை. கறிபாப் இரண்டு சாப்பிட்டுவிட்டுப் போட்டார்.

நான் போய் உட்கார்ந்தேன். தொடங்கியது பிப்ரவரியில், அது ஜெபமாலை மாதம் இல்லை. ஆனாலும் அத்தை தாமான் முழுக்கச் சொல்லிவிட்டார். ஆரோ மறுபடியும் அளக்கிறான், அக்டோபரில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தால்தான் கணக்கு சரியாக வரும் என்று. இருபது பேரும் முப்பது நாளும் வந்தார்கள். நான் சுவரோரம் நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். மூன்றாம் நாளே, சும்மா உட்காராதே, நீயும் சொல் என்று, ஜெபமாலையின் ஐந்து பத்து மணிகளில் நான்காவது பத்து மணியை முன்சொல்லும் வேலையை என் தலையில் கட்டினார்கள். ஒரு கையில் ஜெபமாலை, ஒரு கையில் பேனா.

உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிந்தது, அந்தக் கூடம் அப்படி ஒன்றும் சூடாக இல்லை. சுட்டது சமையலறை, அங்கே மாட்டிய பெட்டியின் பதிவை நான் திறந்தே பார்த்திருக்கவில்லை. பின்சந்தில் யாரோ குப்பை எரிக்கிற புகைக்குப் பயந்து அத்தை பின்சன்னலைப் பல வருடமாகத் திறக்கவே இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பட்டப்படிப்பு தேவைப்படவில்லை, பசி தேவைப்பட்டது. பொரித்த மீன் எடுக்க உள்ளே போனபோது தெரிந்தது. என் இரண்டாவது ஆய்வேடு நாற்பத்தெட்டுப் பக்கம். அதன் முடிவைச் சுருக்கினால், புகை வராத மாதிரி ஒரு சன்னல் வைத்து அதைத் திறந்து வையுங்கள் என்பதுதான். தேறிவிட்டேன். மதிப்பெண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

இப்போது அலுவலகத்தில் கழிப்பறையைத் தாண்டி முன்வாசல் வரைக்கும் வரைய விடுகிறார்கள். வேலை முடிந்து வருவதற்குள் உடம்பு சக்கையாகிவிடுகிறது. ஆனாலும் அக்டோபர் வந்தால் தம்போய்க்குப் போயாக வேண்டும், நான்காவது பத்து மணி இன்னும் என்னுடையதுதான், வேறு யாருக்கும் கொடுக்க மறுக்கிறார்கள். போன வாரமும் போனேன். நான் தொடங்கிய உடனே, வழக்கம்போல, சவரிமுத்து அங்கிள் எழுந்து போய் விசிறியை ஒரு எண் கூட்டிவைத்தார். திரும்பி வந்து உட்காரும்போது பக்கத்தில் இருந்தவரிடம், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்:

"சுவரு மூச்சு விட ஆரம்பிச்சிருச்சு."

இருபது பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலை குனிந்தார்கள். அத்தையின் தோள் மட்டும் குலுங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த மணியை உருட்டினேன்.