சிறுத்தையின் பக்கம் தீர்ப்பு

ஒரு காட்டில் பவளம் என்ற முயல் தன் தம்பியோடு வளை தோண்டிக் குடியிருந்தது. ஒருநாள் பட்டப்பகலில், ஆற்றங்கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தம்பியைச் சிறுத்தை ஓர் அறை அறைந்தது. கால் முறிந்தது. சிறுத்தைக்குப் பசிகூட இல்லை. பொழுது போகவில்லை, அவ்வளவுதான்.

பவளம் தம்பியை முதுகில் சுமந்துகொண்டு நீதிமன்றம் போனது. சிறுத்தையும் வந்தது. அதைப் பார்த்ததும் நீதிபதி கரடியார் எழுந்துவிட்டார்.

"வெயில்ல வந்திருக்கீங்களே! இப்படி நிழல்ல உட்காருங்க."

பிறகு பவளத்தின் பக்கம் திரும்பினார். "சிறுத்தையார் கை வீசுற இடத்துல உன் தம்பிக்கு என்ன வேலை?"

"தண்ணி குடிச்சிட்டிருந்தான்யா."

"அப்போ அங்கே இருந்ததை ஒத்துக்கிறே!"

சிறுத்தைக்கு விடுதலை. அதே மூச்சில், நீதிமன்ற வாசலில் ஒரு நாவற்பழம் கடித்த அணிலுக்கு மழைக்காலம் முடியும்வரை சிறை.

அதன்பிறகு நீதிமன்றத்துக்கு ஒருவரும் வரவில்லை. மான்கள் மேய்ச்சல் தகராறை முட்டி மோதித் தீர்த்துக்கொண்டன. கரடியார் நாளெல்லாம் ஈ ஓட்டினார். காவலுக்கு நின்ற செந்நாயும் சலித்துப்போய் வேறு காட்டில் வேலை தேடிக்கொண்டது.

இதைக் கேள்விப்பட்டுக் கழுதைப்புலிக் கூட்டம் ஒன்று வந்தது. சிறுத்தையை வெளியே தள்ளிவிட்டு அதன் குகையில் படுத்துக்கொண்டது.

சிறுத்தை நீதிமன்றத்துக்கு ஓடியது. வெகுநாள் கழித்து ஒரு வழக்கைக் கண்ட கரடியாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நின்ற நிலையிலேயே தீர்ப்பு எழுதித் தந்தார்: குகை சிறுத்தைக்கே!

கழுதைப்புலித் தலைவி அதை வாங்கி நிதானமாகப் படித்தது. "கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்று பாராட்டியது. பிறகு தரையில் விரித்து, அதன்மேல் தன் குட்டியைப் படுக்க வைத்தது.

"அநியாயம்! எல்லாரும் வந்து கேளுங்க! தீர்ப்பு என் பக்கம்!" என்று சிறுத்தை கத்தியது.

பவளம் வளையிலிருந்து தலையை நீட்டியது. "எப்பவும் உங்க பக்கம்தாங்க. குகைதான் அவங்க பக்கம்."

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது. தலைவி எழுந்துவந்து, "இந்த வளை எவ்வளவு ஆழம்?" என்று கேட்டபோதுதான் சிரிப்பு நின்றது.

அன்று பெய்த மழையில் ஒரே புதருக்கடியில் சிறுத்தை, பவளம், நொண்டித் தம்பி மூவரும் நனைந்தார்கள்.

நீதி: சட்டம் யாருக்குமே உதவாத நாளில்தான் அதன்முன் எல்லோரும் சமம்.