இடிந்த வளைக்கு ஒரு கூரை

ஒரு காட்டில் வேலம்மா என்றொரு முள்ளம்பன்றி, ஒரு வளையும் இரண்டு குட்டிகளுமாக இருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை பூமி ஒரு குலுக்கு குலுக்கியது. குட்டிகள் தப்பின. வளை போயே போச்சு.

சாதாரண இடிசலா அது! வாசல் கல் இரண்டாகப் பிளந்து, வேரெல்லாம் அந்தரத்தில் தொங்கி, நட்டநடுவில் சின்னக்குட்டியின் கிலுகிலுப்பை கிடந்தது. ஏழு கடல் தாண்டி உதவிக்கு வந்த பெங்குவின்கள் பார்த்ததும் கண்கலங்கிப்போய், கலங்கிய கண்ணோடே நாற்பது போட்டோ எடுத்தன.

மழைக்கு இன்னும் பத்தே நாள். வேலம்மா மண்ணைத் தள்ளப்போனாள். நிவாரண அதிகாரி கொக்கு அலறியடித்துப் பறந்து வந்தது.

"ஐயையோ, கை வைக்காதேம்மா! அடுத்த வாரம் இன்னொரு குழு வருது. எதைக் காட்டுறது?"

"பக்கத்துல முயல் வளையைக் காட்டுங்க சார்."

"அதெல்லாம் ஒரு இடிசலா? அறிக்கை அட்டையில உன் வளை போட்டோதான் வந்திருக்கு."

குழு வந்தது, போனது. இன்னொன்று வந்தது. ஒவ்வொரு தடவையும் கொக்கு கிலுகிலுப்பையைத் துடைத்து, கொஞ்சம் கோணலாக வைத்தது. அந்தப் போட்டோவைப் பார்த்து வந்த உதவியில் முயலுக்குப் புது வளை, கீரிக்குப் புது வளை, கொக்குக்கு மாடி வைத்த கூடு. வேலம்மாவுக்கு ஒரு தொப்பி.

மழை பிடித்துக்கொண்டது. குட்டிகள் தாயின் வயிற்றுக்கடியில் வெடவெடவென நடுங்கின. வேலம்மா கொக்கிடம் ஓடினாள்.

"பிள்ளைங்க செத்துரும் சார்! ஒரு கூரையாவது போடுங்க!"

கொக்கு இடிபாட்டைப் பார்த்தது. மழையில் அது கரைந்துகொண்டிருந்தது. கொக்குக்குப் பகீரென்றது. உடனே பெங்குவின்களுக்குத் தகவல் பறந்தது. மூன்றே நாளில் கான்கிரீட் தூண், தகரக்கூரை, சுற்றிலும் கம்பிவேலி, காவலுக்கு ஒரு கரடி.

வேலம்மா குட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். கரடி மறித்தது.

"உள்ளே போகக்கூடாதும்மா. இடிபாடு நனையக்கூடாதுன்னுதான் கூரையே."

"அடப்பாவி, அது என் வீடுய்யா!"

"இருந்துச்சு. இப்போ நினைவுச்சின்னம்."

திறப்பு விழாவுக்குப் பெங்குவின் தலைவர் வந்தார். சுற்றிப் பார்த்தார். "எல்லாம் பிரமாதம். பாதிக்கப்பட்டவங்க எங்கே?"

கொக்கு அவசரமாகச் சுற்றுமுற்றும் தேடியது. வேலிக்கு வெளியே சொட்டச் சொட்ட நின்ற வேலம்மா கையைத் தூக்கினாள். "இதோ இருக்கோங்க! ஆனா ஒண்ணு, வந்தா ராத்திரியும் இங்கதான் இருப்போம்."

இப்போது மூன்று பேரும் கூரைக்கடியில் நனையாமல் இருக்கிறார்கள். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை அழவேண்டும், அவ்வளவுதான் வேலை. சின்னக்குட்டிக்குத்தான் அழுகை வராமல் சிரிப்பு வந்துவிடும். அப்போதெல்லாம் கொக்கு அதன் கையிலிருந்து கிலுகிலுப்பையைப் பிடுங்கி இடிபாட்டில் வைக்கும். உடனே குட்டி வீறிட்டு அழுதுவிடும்.

நீதி: வீடு இடிந்தால் அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். இடிந்தது அழகாக இடிந்திருந்தால் அதற்கே கூரை கிடைக்கும். நேரத்துக்கு அழுதால் உங்களுக்கும் அதில் ஓரமாக இடம் கிடைக்கும்.